காரின் பாட்டுக்கு அடியில் கேட்கும் விசில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை வந்தால் சாலையோரத்தில் கார் தீப்பற்றி எரிந்த செய்திகளும் கூடவே வருகின்றன. அவற்றுள் பல ‘மின்கசிவு காரணமாக இருக்கலாம்’ என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகின்றன. 31 ஆண்டுகள் வானொலிப் பெட்டிகளையும் ஆம்ப்ளிஃபயர்களையும் பழுதுபார்த்துப் பிழைத்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்பதை, அண்மையில் நான் கையால் பிரித்துப் பார்த்த ஒரு காரைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

என் தங்கை மகன் மருந்து விற்பனைப் பிரதிநிதி. மாதத்தில் பாதி நாள் திருச்சிக்கும் காரைக்குடிக்கும் இடையே காரில்தான் அவனுக்குக் கழிகிறது. அவனுடைய தந்தை ஆயுள் முழுதும் கேசட்டுகளில் சேர்த்து வைத்துப் போன நாகஸ்வரக் கச்சேரிகளையெல்லாம் கணினிக் கோப்புகளாக மாற்றி, ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினியில் ஏற்றி, ஏழு அங்குலத் தொடுதிரையோடு காரின் டேஷ்போர்டில் பொருத்தச் சொல்லி ஒரு கார் அலங்காரக் கடையில் கொடுத்திருந்தான். கடைக்காரர்கள் திரையை அழகாகவே பதித்திருந்தார்கள். கணினியின் ஒலியை ஒரு கேபிள் வழியாகக் காரில் ஏற்கெனவே இருந்த ஸ்டீரியோவின் ஆக்ஸ் துளையில், அதாவது வெளிக்கருவியின் ஒலியைச் செருகும் துளையில், இணைத்திருந்தார்கள்.

எஞ்சினை அணைத்திருக்கும்போது பாட்டு துல்லியமாகக் கேட்டது. எஞ்சினைக் கிளப்பியவுடன் மெல்லிய விசில் ஒன்று சேர்ந்துகொண்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அது ஏறும், காலை எடுத்தால் இறங்கும். தோடி ஆலாபனைக்கு அடியில் வேறொரு சுருதி இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் கேட்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. மீண்டும் கடைக்குப் போனபோது ‘நாய்ஸ் ஃபில்டர்’ என்று ஒரு சிறு டப்பாவை கேபிளின் நடுவில் மாட்டி, அதற்கும் பணம் வாங்கி அனுப்பினார்கள். விசில் குறைந்தது, தவிலின் தொப்பி எனப்படும் கனத்த ஒலிப் பக்கத்தின் ஒலியும் அதோடு போய்விட்டது. அந்த டப்பாவுக்குள் இருப்பவை கடலை அளவு டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு. அவ்வளவு சிறிய இரும்பால் கனமான கீழ்ஒலிகளைக் கடத்த முடியாது. தந்தையின் கச்சேரி ஒட்டிய வயிறாகிவிட்டதே என்ற வருத்தத்தில்தான் அவன் காரை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

அந்த விசில், எஞ்சின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவியான ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம். அதன் உள்ளேயிருக்கும் டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கி, ஏறத்தாழ 14 வோல்ட்டில் பேட்டரிக்கு அனுப்புகின்றன. அப்படி ஆக்கிய பிறகும் அதன் மேல் ஒரு சிறு அலை மிச்சமிருக்கும். எஞ்சின் வேகத்துக்குத் தக்கபடி அந்த அலையின் சுருதி மாறும். எல்லாக் கார்களிலும் இந்த அலை உண்டு. அது பாட்டுக்குள் புகுவதற்கு வழி திறந்துவிட்டதுதான் இந்தக் காரில் நடந்த பிழை.

காரில் பாசிட்டிவ்வுக்குத்தான் தனித்தனி வயர். நெகட்டிவ்வுக்குக் காரின் இரும்பு உடம்பே வழி. ஹெட்லைட், ஏசி புளோயர், எரிபொருள் பம்ப் என்று எல்லாவற்றின் மின்சாரமும் அந்த உடம்பின் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆகவே உடம்பின் ஓர் இடத்துக்கும் மற்றோர் இடத்துக்கும் இடையே சிறிதளவு வோல்ட் வேறுபாடு எப்போதும் இருக்கும். நெகட்டிவ்வை உடம்போடு இணைப்பதைத்தான் எர்த் என்கிறோம். கணினிக்கு ஓரிடத்திலும் ஸ்டீரியோவுக்கு வேறோரிடத்திலும் எர்த் எடுத்துவிட்டு, இரண்டையும் ஒலி கேபிளால் இணைத்தால், அந்தக் கேபிளின் வெளிவலை இரண்டு எர்த்துகளுக்கும் நடுவே குறுக்குப் பாதையாகிவிடுகிறது. புளோயருக்கும் விளக்குக்கும் உரிய மின்சாரத்தில் ஒரு துளி அந்தப் பாதையில் ஓடும்போது, அதன் மேலிருக்கும் ஆல்டர்னேட்டர் அலையும் பாட்டோடு சேர்ந்துகொள்கிறது. கணினியிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் ஒலியே ஏறக்குறைய ஒரு வோல்ட்தான் என்பதால், அதில் நூறில் ஒரு பங்கு கலந்தாலே காதுக்கு நன்றாகத் தெரியும்.

நான் முதலில் செய்தது, கணினியிலிருந்து ஒலி கேபிளைப் பிடுங்கி என் கைப்பேசியில் செருகியதுதான். கைப்பேசி தன் சொந்த பேட்டரியில் இயங்குவதால் காரின் எர்த்தோடு அதற்குத் தொடர்பு இல்லை; விசில் அடியோடு நின்றது. ஸ்டீரியோவிலும் ஸ்பீக்கரிலும் குறையில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், கருவி எதுவும் தேவையில்லை. கடையில் இதைச் செய்திருந்தால் அந்த டப்பாவை விற்றிருக்க வேண்டியதில்லை. பிறகு இரண்டு எர்த்துகளுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தேன். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் புளோயரும் போட்ட நிலையில் 60 மில்லிவோல்ட் காட்டியது.

கணினியின் எர்த் வயர் எங்கே போகிறது என்று தேடிக்கொண்டு டேஷ்போர்டைக் கழற்றியபோதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்த காட்சியைக் கண்டேன். பெயின்ட் பூசிய தகட்டின் மேலேயே, ஒரு பிளாஸ்டிக் மூடியைப் பிடித்திருந்த திருகில், வயரின் நுனியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். பாசிட்டிவ் வயரோ பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் ஃபியூஸ் எதுவும் இல்லாமல் வந்திருந்தது. எஞ்சின் அறைக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள இரும்புச் சுவரில் துளையிட்டு, அந்தத் துளைக்கு ரப்பர் வளையம்கூடப் போடாமல் வயரை உள்ளே இழுத்திருந்தார்கள். எஞ்சினின் அதிர்வில் துளையின் கூரான விளிம்பு வயரின் உறையை அறுத்து, நகக்கண் அளவுக்குச் செம்பு பளபளவென்று வெளியே தெரிந்தது. அந்தச் செம்பு இரும்பைத் தொட ஒரு நூல் இடைவெளிதான் மிச்சமிருந்தது. கார் பேட்டரி 12 வோல்ட்தானே, அது என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்கள், ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதற்காகச் சில நூறு ஆம்பியர்களை ஒரே மூச்சில் கொடுக்கும்படி செய்யப்பட்டது அது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபியூஸ் இல்லாத மெல்லிய வயரில் அவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் வயர் பழுக்கக் காய்ந்து, உறை எரியும். அதை ஒட்டியே தரைவிரிப்பும் டேஷ்போர்டின் பஞ்சும் இருக்கின்றன.

விசிலுக்கும் அந்தச் செம்புக்கும் நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் எர்த்தைத் திருகில் சுற்றிவிட்ட கைதான் ஃபியூஸையும் மறந்தது. அந்த டப்பா விசிலோடு தவிலையும் விழுங்காமல் இருந்திருந்தால், என் மருமகன் திருப்தியாகவே இருந்திருப்பான். டேஷ்போர்டை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பதறுகிறது.

காருக்குள் இரைச்சலோடு போராடுவது புதிதன்று. 1930இல் பால் கால்வின் அமெரிக்காவில் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியைக் கொண்டுவந்த காலத்திலேயே, ஸ்பார்க் பிளக்கின் பொறி ஒலியில் கலப்பதை அடக்குவது பெரும்பாடாக இருந்தது. அன்று பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள்தாம் இன்றைய கணினிக்கும் பொருந்துகின்றன.

கணினிக்கும் ஸ்டீரியோவுக்கும் சேர்த்து உடம்பில் ஒரே போல்ட்டைத் தேர்ந்தேன். அதைச் சுற்றிலும் பெயின்ட்டை உப்புத்தாளால் இரும்பு மினுங்கும் வரை தேய்த்து, வயர் நுனிக்கான உலோக வளைய லக்குகளை வயரில் இறுக நசுக்கிப் பொருத்தி, பல்வாஷர் வைத்து முடுக்கி, துருப்பிடிக்காதிருக்க மேலே கிரீஸ் தடவினேன். புதிய பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 3 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். ஃபியூஸ் காப்பது வயரை. ஆகையால் அது கணினியின் பக்கத்தில் இருந்து பயனில்லை, பேட்டரியின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். துளைக்கு ரப்பர் வளையம் போட்டேன். ஒலி கேபிளை மின்வயர்களிலிருந்து விலக்கிக் கொண்டுசென்றேன். டப்பாவைக் கழற்றிவிட்டு, கணினியின் ஒலியளவை முக்காலுக்கு மேல் உயர்த்தி, ஸ்டீரியோவில் குறைத்துக் கேட்டோம். விசில் இல்லை, தொப்பி திரும்பி வந்திருந்தது. ஃபியூஸ், அதன் கூடு, ரப்பர் வளையம், லக்குகள் எல்லாமாகச் சேர்த்து இருநூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டன.

மின்சாரத்தை எப்போதும் இருக்கும் லைனிலிருந்து எடுத்ததால் இன்னொரு தொல்லையும் இருந்தது. கணினியும் திரையும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று நாளில் வற்றிவிடும். சாவியை அணைத்தவுடன் சட்டென்று மின்சாரத்தை வெட்டுவதும் சரியன்று. கணினி மெமரி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டு கெட்டு, ஏற்றிவைத்த கச்சேரிகள் போய்விடலாம். சாவியை அணைத்ததும் கணினி தானே முறையாக மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் கழித்து ரிலே என்ற தானியங்கி மின் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்தும்படி அமைப்பதுதான் முறை. ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி 9 வோல்ட் வரைகூட இறங்கும் என்பதால், பேட்டரி மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரில், அந்த இறக்கத்தையும் தாங்கும் ஒன்றையே வாங்க வேண்டும்.

கடைகளில் இந்த வேலையைச் செய்யும் பையன்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு காரை முடித்து அனுப்பச் சொன்னால், அவர்கள் கையில் கிடைத்த திருகில்தான் வயரைச் சுற்றுவார்கள். ஃபியூஸ் எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை ஆம்பியர், எர்த் எந்த போல்ட்டில் எடுக்கப்பட்டது என்ற மூன்றையும் ரசீதில் எழுதித் தருவதைக் கடை உரிமையாளர்கள் வழக்கமாக்க வேண்டும். வாங்குகிறவர்களும் டேஷ்போர்டை மூடுவதற்கு முன்பு பக்கத்தில் நின்று பார்த்து, கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கார் தீப்பற்றிய செய்தியைத் தங்கள் நிருபர்கள் எழுதும்போது, அந்தக் காரில் பின்னால் பொருத்திய கருவிகள் ஏதேனும் இருந்தனவா, அவற்றுக்கு ஃபியூஸ் இருந்ததா என்று தீயணைப்பு வீரர்களிடமும் உரிமையாளரிடமும் கேட்டு, அந்த விடையையும் ‘மின்கசிவு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அச்சிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வானொலி மெக்கானிக் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.