ஐயா பெயரில் பந்தயம் வைக்கப் போகிறவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், பந்தயக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், தம்பிகளுக்கும் வணக்கம்.

எங்கள் தாத்தா நினைவாக வைகாசியில் குதிரை வண்டிப் பந்தயம் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டதும் அப்பத்தா அழுதுவிட்டார். சந்தோஷத்தில்தான். தாத்தா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்திருந்தோம், நீங்கள் மறக்கவில்லை, அதற்கு முதலில் நன்றி. அவர் பெயரில் நடப்பதால் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நேரில் சொன்னால் பாதியிலேயே தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

தாத்தாவை வீட்டில் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். உங்களுக்கெல்லாம் அவர் குதிரைக்காரர். கேட்டால் அவர் தன்னை விவசாயி என்றுதான் சொல்லுவார். கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் நெல், மேட்டில் செம்மண் காட்டில் கடலையும் கொள்ளும். கண்மாய் பெருகாத வருஷம் நெல் போய்விடும், கொள்ளு எப்படியாவது வந்துவிடும், அதுதான் குதிரைகளுக்கு. ராத்திரி ஊறப் போட்டு, விடிந்ததும் நாலு கொள்ளு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். நடுவில் கடுக்கென்று இருந்தால் அன்றைக்குக் காலையில் குதிரைக்குப் புல் மட்டும்தான்.

காரைக்குடியில் ஜட்கா ஓடின காலத்தில் அவர் வளர்த்த குட்டிகள் வண்டிக்குப் போயின. ஆட்டோ வந்ததும் ஜட்காவும் போச்சு, வளர்த்த மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். ஐயா விடவில்லை. ஆடி பிறந்தால் அந்தியூர் குருநாதசாமி கோவில் சந்தைக்குப் போய்விடுவார், வாங்கக் காசு இல்லாத வருஷம்கூட, சும்மா பார்த்துவிட்டு வர. 2012இல் நாடு முழுக்க சுமார் 6.25 லட்சம் குதிரைகள் இருந்தன, 2019 கணக்கெடுப்பில் 3.4 லட்சம்தான். ஏழே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி குறைந்துவிட்டது. அந்த ஏழு வருஷத்திலும் எங்கள் கொட்டகையில் குட்டி பிறந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு தடவை அவருக்கு மார்க்கோ போலோவைப் பற்றிச் சொன்னேன். 13ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்தவர், இந்த மண்ணில் நல்ல ஆண் குதிரையும் நல்ல பெட்டையும் சேர்ந்தாலும் சோனிக் குட்டிதான் பிறக்கும் என்று எழுதி வைத்திருக்கிறார் என்றேன். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்கு என்ன தீனி போட்டாங்களாம்?" என்று கேட்டார். சோற்றோடு கறியை வேகவைத்துப் போட்டார்களாம் என்றேன். "அப்ப மண்ணு மேல ஏன் பழி போடுறாரு?" என்றார்.

அவர் வேலை எப்படி என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். குதிரைக்குச் சினை பதினோரு மாதம், குட்டி போடுவது பெரும்பாலும் ராத்திரியில்தான், ஆள் நிற்பது தெரிந்தால் தள்ளிப்போடும். அதனால் விளக்கு இல்லாமல் கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார், என்னையும் பேசவிட மாட்டார். குட்டி விழுந்து, தள்ளாடி எழுந்து, சீம்பால் குடிக்கிற வரைக்கும் கிட்டப் போக மாட்டார். இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழுந்ததும்தான் டார்ச்சை அடிப்பார். அதைச் சாக்கின் மேல் விரித்துப் போட்டு, எங்காவது கிழிந்திருக்கிறதா, துண்டு ஏதும் உள்ளே தங்கிவிட்டதா என்று இரண்டு கையாலும் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்ப்பார். முழுசாக இருந்தால் ஒரு பெருமூச்சு விடுவார். அதற்கப்புறம்தான் எங்களுக்குத் தூக்கம்.

அப்படிப் பிறந்த ஒரு செவலைக் குட்டியை இரண்டரை வயதில் ஒருவர் வாங்கிப் போனார். ஐந்து வயசு ஆகட்டும், முன்பல் வரிசையில் கடைசியாக ஓரத்தில் வரும் கடைப்பல் சேரட்டும், அதுவரை பந்தயத்தில் பூட்டாதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார். ஆறு மாதத்தில் தார் ரோட்டில் ஓட்டியிருக்கிறார்கள். முன்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. தகவல் வந்ததும் ஐயா போனார், நானும் கூடப் போனேன். டாக்டர் ஊசி போடும்போது அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார். வாங்கினவரைத் திட்டக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் பல் சேராத குட்டியை யார் எவ்வளவு விலை சொன்னாலும் கொடுத்ததில்லை. கடன் இருந்த வருஷத்திலும் கொடுக்கவில்லை, இது அப்பத்தாவுக்குத் தெரியும்.

நான் கேட்பது இதுதான். ஐயா பெயரில் நடக்கிற பந்தயத்தில் கடைப்பல் சேராத குதிரை ஓடக் கூடாது. சின்னக் குதிரை, பெரிய குதிரை என்று எந்தப் பிரிவு வைத்தாலும் சரி, வாயைத் திறந்து பல் பார்த்துவிட்டுப் பூட்ட விடுங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். அய்யனார் கோவில் புரவி எடுப்பில் வேளார் செய்த மண் குதிரையைத் தோளில் தூக்கிப் போகும்போது, அதன் காது ஒடிந்துவிடக் கூடாதே என்று எவ்வளவு பதறுகிறோம்? உயிருள்ள குதிரையின் காலுக்கும் அந்தப் பதற்றம் வேண்டும்.

நோட்டீஸ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று சொன்னார்கள். அதில் இந்த ஒரு வரியைச் சேருங்கள். பல் பார்க்க ஐயா எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பந்தயத்தன்று விடியற்காலையிலேயே வந்து பந்தயம் தொடங்கும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், எத்தனை குதிரை வந்தாலும் நானே பார்த்துச் சொல்கிறேன்.