ரத்மைன்ஸிலிருந்து அப்பாவுக்கு

ரத்மைன்ஸ், டப்ளின்
செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. போனில் "நல்லா இருக்கேன்ப்பா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கைப்பட எழுதிய பிறகு அது செல்லாது.

குளிர் பழகிவிட்டது, மழைதான் பழகவில்லை. மோர் இங்கே அட்டைப்பெட்டியில் கிடைக்கிறது, ஆனால் வாங்குவது சோடா ரொட்டி சுடத்தான். நான் பச்சைமிளகாய் கிள்ளிப்போட்டுக் குடித்ததைப் பார்த்துக் கீழ்வீட்டுக் கிழவர் மிரண்டுபோனார்.

அவர் கதையை அம்மாவிடம் பாதி சொன்னேன், உங்களுக்கு முழுசாக. வீட்டுப் பக்கத்திலேயே லென்ஸ்டர் கிரிக்கெட் கிளப் மைதானம். இப்போது வேலை நேரம் கொஞ்சம் குறைவு (ஓய்வுக்கு நல்லதுதான்), அதனால் சாயங்காலம் அங்கே போய் நிற்பேன். கிழவரும் வருவார். ஆஃப் ஸ்பின் என்றால் உங்களை மாதிரியே சோறு தண்ணி வேண்டாம்.

அவருக்குக் குலசாமி ஜிம்மி பௌச்சர். டப்ளின்காரர், ஃபீனிக்ஸ் கிளப். 1929 முதல் 1954 வரை அயர்லாந்துக்காக 60 ஆட்டம், 307 விக்கெட். கிரிக்கெட் ஆடினால் அயர்லாந்தின் சொந்த ஆட்டங்களுக்கான கேலிக் விளையாட்டுச் சங்கத்தில் இடமில்லை என்றிருந்த காலம். அந்தத் தடை 1971-ல்தான் போனதாம்.

1937 செப்டம்பர் 11, சனிக்கிழமை, இதே மைதானம். நியூசிலாந்துக்கு எதிராக அயர்லாந்து 79-க்குச் சுருண்டது. அப்புறம் பௌச்சர் 13 ரன் கொடுத்து 7 விக்கெட்! எதிரணி 64. வேடிக்கை பார்த்த கிழவரின் அப்பா தொப்பியைத் தூக்கிப் போட்டாராம். அது கீழே விழுந்த கையோடு நியூசிலாந்தின் ஜாக் கௌவி 3 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்தார். அயர்லாந்து 30. மூன்று நாள் ஆட்டம் ஒரே நாளில் தோல்வி. தோற்றதை இவ்வளவு ஆசையாகச் சொல்லும் ஆளை நான் பார்த்ததில்லை.

சொல்லிக்கொண்டே காய்கறிப் பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அகட்டிப் பிடித்துக் காட்டினார். நீங்கள் திண்ணையில் எலுமிச்சம்பழத்தை வைத்துக் காட்டிய அதே பிடி. அந்தக் கிழங்கைக் கேட்டு வாங்கி வந்தேன். இன்னும் சமைக்கவில்லை.

சரி, அதை விடுங்கள். கிணற்று மோட்டாருக்குச் சித்தப்பா கேட்ட பணம் தீபாவளிக்குள் வரும், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மேலத்தெரு மனைக்கு இப்போது முன்பணம் வாங்க வேண்டாம், பெரியப்பா கையெழுத்து முதலில் ஆகட்டும். அம்மா கண் ஆபரேஷனுக்குச் செல்வி லீவு போடட்டும், நீங்கள் பஸ்ஸில் தனியாகக் கூட்டிப்போகாதீர்கள்.

ரேஷன் கார்டில் என் பெயரை எடுக்கப் போவதாக அண்ணன் சொன்னான். இப்போதைக்கு இருக்கட்டும் அப்பா.

அன்புடன்,
செந்தில்