பல் கட்ட அனுப்பிய பணம்

நெல்லிக்குப்பம்,
மார்கழி 3

பாப்பா,

பல் கட்டிக்கொண்டீர்களா என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். பல் தை மாதத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதுக்கு நீ அனுப்பிய பணத்தில் ஆட்டுக்கொட்டகைக்குப் பரண் போட்டுவிட்டேன், ஆடுகள் நிற்கச் சட்டம் அடித்த மேடை. நீ ஆசையாகப் போட்டுக்கொடுத்த சிமெண்ட் தரைக்கு மேலேயே.

கோபப்படாதே. வருஷா வருஷம் மண்ணை வெட்டி எடுத்துப் புதுமண் கொட்டுகிற வேலை உன் தரையால்தான் போனது. ஆனால் மண் குடித்த மூத்திரத்தை சிமெண்ட் குடிக்கவில்லை. போன வருஷம் பெஞ்சல் புயல் வந்தபோது நாலு நாள் ஆடுகளை வெளியே விட முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை கொட்டகைக்குள் நின்று பார்த்தேன், வாடை ஒன்றும் தெரியவில்லை. குட்டியைத் தூக்கக் குந்தினேன், கண்ணில் காரம் ஏறிவிட்டது. படுத்த ஆட்டுக்கு மூக்கு அந்த உயரத்தில்தானே இருக்கும்? வாடை போகட்டும் என்று ஈரத்தின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவினேன். மூத்திரத்தோடு அது சேர்ந்தால் நச்சுவாயு கிளம்புமாம், கால்நடை டாக்டர் திட்டித் தீர்த்தார். அந்த வாரம் சளி பிடித்து இரண்டு குட்டி செத்தது. செவலை குளம்பு அழுகி ஒரு மாதம் நொண்டியது. உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை.

தாத்தா வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனஞ்சட்டம் ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் அறுத்துப் போட்டோம். பிளாஸ்டிக் தட்டும் விசாரித்தேன், கழுவச் சுலபம்தான். வீட்டில் வைரம் பாய்ந்த சட்டம் கிடக்கும்போது காசு கொடுக்கத் தோன்றவில்லை. சவுக்குக் கட்டையை உருட்டாகவே போடலாம் என்றான் உன் சித்தப்பன். குளம்பு வழுக்கும், வேண்டாம் என்றேன். சட்டத்துக்குச் சட்டம் அரை அங்குல இடைவெளி. குறைந்தால் புழுக்கை சிக்கும், கூடினால் கால் மாட்டும். ஆசாரி கண்ணளவில் அடித்துக்கொண்டே போனார். நான் பின்னாலேயே சுண்டுவிரலை விட்டு விட்டுப் பார்த்து, ஏழு சட்டத்தைப் பிடுங்கி மறுபடி அடிக்க வைத்தேன். மனுஷர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறந்த குட்டிக்கு அரை அங்குலமும் ஆபத்து, அதனால் கிழக்கு மூலையில் சாக்கு விரித்திருக்கிறேன். தினமும் அதை வெயிலில் உதறிப் போடுவது அம்மா வேலை.

உன் தரை வீண்போகவில்லை. பரண் மூன்றரை அடி உயரம், குனிந்து உள்ளே போகலாம். கீழே ஒரு பக்கமாகச் சரித்துப் பூசி, மூத்திரம் வடிய வாய்க்கால் விட்டாயிற்று. புழுக்கை உலர்ந்தே கிடப்பதால் தென்னந்துடைப்பத்தால் கூட்டினால் போதும். பண்ருட்டி பலாத்தோப்புக்காரர் ஒருவர் மூட்டை மூட்டையாக எடுத்துப்போகிறார். கூட்டின இடத்தில் நீற்றின சுண்ணாம்பைத் தூவுகிறேன். பரணை வாரம் ஒருமுறை, ஆடுகள் மேயப் போனதும் காலையிலேயே தேய்த்துக் கழுவிவிடுவேன், அவை திரும்புவதற்குள் காய்ந்துவிடும். மழை நாளில் தண்ணீரே ஊற்றுவதில்லை, சுரண்டி எடுப்பதோடு சரி.

ஆணி எங்கேயாவது தலை தூக்கியிருக்கிறதா என்று வெறுங்காலோடு ஒரு நடை நடந்து பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு வரும்போது நீயும் ஏறிப் பார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு.

அப்பா