உன் ஸ்பீக்கர்கள் என் சுவரில்

மன்னார்குடி,
ஐப்பசி 22

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மஸ்கட் புறப்படுவதற்கு முந்தின நாள் ஓர் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, "பத்திரமா வச்சிரு, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதைப் பிரித்துவிட்டேன். பத்தொன்பது வருடம் பரணில் கிடந்தது. உள்ளே இருந்த ஆறரை இஞ்ச் வூஃபர் (கீழ்ச்சுர ஸ்பீக்கர்) இரண்டும் இப்போது என் வீட்டுக் கூடத்துச் சுவரில் பாடிக்கொண்டிருக்கின்றன. கேட்காமல் எடுத்தது தப்புதான். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாய், அதனால் கேட்கவில்லை.

இதை ஏன் கடிதமாக எழுதுகிறேன் என்றால், வாட்ஸப்பில் நீ ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். எனக்குக் கட்டைவிரல் போதாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது பின்னால் வரும்.

ஊர்ச் செய்தி: குறுவை சுமார். சம்பா நட்ட மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, ஆனால் தண்ணீர் வடிகிறது, பயமில்லை. அத்தைக்கு முட்டிவலி தேவலை. நீ வாரம் ஒருமுறை பேசுவது போதவில்லையாம். நாம் 'டமாரம்' என்று பட்டப்பெயர் வைத்தவர் ரிட்டயர் ஆகிவிட்டார். இன்னமும் என்னைப் பார்த்தால் "ஃபியூஸ் போட்டியா?" என்றுதான் கேட்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் வயிறு கலங்கியது. கூம்பு நன்றாக இருந்தது, காந்தம் நன்றாக இருந்தது, ஆனால் ஓரத்து ஃபோம் தொட்டால் திருநீறாக உதிர்ந்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் ஓரம் வேறெப்படி இருக்கும்? பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு ரப்பர் ஓரம் வாங்கி ஒட்டினேன். ஓரம் மாறினால் ஸ்பீக்கரின் குணமும் மாறிவிடும், பழைய கணக்கு எதுவும் செல்லாது. அதனால் நானே அளந்தேன். போனில் ஒற்றைச் சுரம் கொடுக்கும் செயலி, ஒரு ரெசிஸ்டர், மல்டிமீட்டர், அவ்வளவுதான். சுரத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வோல்ட் குபுக்கென்று ஏறும். அதுதான் அதன் சொந்த அதிர்வெண். உன்னுடையது 50 ஹெர்ட்ஸ். அப்புறம் கடைத்தெருவில் நகைத் தட்டானிடம் போய் 10 கிராம் களிமண் நிறுத்து வாங்கி (என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்) கூம்பில் அப்பி மறுபடி அளந்தேன். 38க்கு இறங்கியது. அந்த இறக்கத்திலிருந்து அசையும் பாகத்தின் எடை கிட்டத்தட்ட 14 கிராம் என்று வந்தது. எடை தெரிந்தால் மற்றதெல்லாம் வரிசையாக வந்துவிடும்: கூம்பின் நெகிழ்வுக்கு ஈடான காற்று 18 லிட்டர், மொத்த க்யூ, அதாவது அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்று சொல்லும் எண், 0.4.

இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர்கள் நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மால் என்று இரண்டு பேர். தீல் ஆஸ்திரேலியாக்காரர், 1961இல் ஆரம்பித்து வைத்தார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஸ்மால் அதை விரித்தார். அதற்கு முன்னால் பெட்டி அளவு என்பது பெரும்பாலும் ஆசாரி கைவாக்குதான். கணக்கைப் போட்டால் மூடிய பெட்டிக்கு எட்டரை லிட்டர் போதும் என்று வந்தது. க்யூ 0.7, கீழே 88 ஹெர்ட்ஸ்வரை. "88 எல்லாம் ஒரு பாஸா?" என்று நீ உதட்டைப் பிதுக்குவது இங்கிருந்தே தெரிகிறது. பொறு, சுவர் இருக்கிறது.

நாம் அந்தக் காலத்தில் ஸ்டூல்மேல் வைத்துக் கேட்டோமே, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, எவ்வளவு மடத்தனம்! முன்னால் வரும் ஒலி ஒன்று. பின்னால் போய்ச் சுவரில் முட்டித் திரும்பி வருவது இன்னொன்று. 60 செண்டிமீட்டர் போய் 60 திரும்பினால் 143 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். உன் தவில் ஏன் தகரமாகக் கேட்டது என்று இருபது வருடம் கழித்துப் புரிகிறது. அதோடு, கீழ்ச்சுரங்கள் முன்பக்கம் மட்டும் போவதில்லை, பெட்டியைச் சுற்றி வழிந்து பின்னாலும் போய்விடும். 23 செண்டிமீட்டர் அகலப் பெட்டி என்றால் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்த வழிசல் ஆரம்பித்து, கடைசியில் 6 டெசிபெல்வரை பறிபோகும். வரப்பில்லாத வயலில் தண்ணீர் கட்டுகிற கதைதான். பெட்டியைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்துவிட்டால் சுவரே வரப்பு. போனதெல்லாம் முன்னால் திரும்பி வருகிறது, காசில்லாமல். மன்னார்குடி மதிலழகு என்று சும்மாவா சொன்னார்கள்!

சுவரில் மாட்டுவதென்றால் பெட்டி ஒல்லியாக இருக்க வேண்டும். உள்ளளவு 20க்கு 35.5, ஆழம் 12 செண்டிமீட்டர். மரத்தில்தான் சண்டை வந்தது. கஜா புயலில் விழுந்ததே கொல்லைப் பலா, அதன் பலகையை அறுத்து 2018இலிருந்து காத்துக்கொண்டிருந்தேன். பெட்டி முழுக்கப் பலாவிலேயே செய்துவிடலாம் என்று ஆசை. ஆசாரி பலகையைச் சுண்டிப் பார்த்து, "அடடா, வீணைக் குடத்துக்கு ஆகும் சார், என்னமா பேசுது!" என்றார். எனக்கு அதுதான் பயம். தஞ்சாவூர் வீணைக்கு மரம் பேச வேண்டும், அதற்காகத்தான் பலாவைக் குடைகிறார்கள். ஸ்பீக்கர் பெட்டியோ வாயே திறக்கக் கூடாது. வாசிப்பவன் ஒருவன் ஏற்கெனவே தட்டில் இருக்கிறான், பெட்டியும் சேர்ந்து பாடினால் இரட்டைக் கச்சேரி. இதைச் சொன்னதும் ஆசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊமை மரம் வேணும்னா பிளைவுட்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். அவர் சொன்னது சரி. 18 மில்லிமீட்டர் 710 பிளை, தண்ணீர் தாங்கும் ரகம். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மலிவுதான், ஆனால் ஒரு கார்த்திகை தாண்டாது, அப்பமாக உப்பிவிடும். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில் ஒரு முட்டுக்கட்டை கொடுத்தோம். தட்டினால் இப்போது 'டொக்' என்கிறது, அவ்வளவுதான். பலா, பெட்டியின் முகத்தை மூடும் துணிச்சட்டத்துக்குப் போயிற்று. மனசு கேட்கவில்லை, அதனால் அந்தச் சட்டத்துக்கு மட்டும் மூன்று கோட் வார்னிஷ்.

உள்ளே அடைக்க இலவம்பஞ்சு, பழைய தலையணையிலிருந்து. தலையணை யாருடையது என்று வீட்டில் விசாரணை நடக்கிறது, நீ எதுவும் தெரியாதவனாகவே இரு.

குறுக்குப் பிரிப்பான் கதை இன்னும் நல்ல கதை. கீழ்ச்சுரத்தை வூஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. ட்வீட்டர் புதிதாக வாங்கினேன், ஒரு இஞ்ச் பட்டுக் குவிமாடம். இரண்டையும் 2500 ஹெர்ட்ஸில் பிரிக்க, லிங்க்விட்ஸ்–ரைலி முறையில், 8 ஓமுக்கு 1 மில்லிஹென்றி காயிலும் 4 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் வந்தது. 4 மைக்ரோஃபாரட் என்றதும் மேலே பார்த்தேன், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது! அதே அளவில் ஃபேன் கண்டன்சர் எல்லா எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிறது, அதுவும் நல்ல பாலிப்ரொப்பிலீன். பெட்டிக்கு இரண்டாக நாலு கேட்டேன். "நாலு ஃபேனுமா சார் நின்னுபோச்சு?" என்று கடைப்பையன் பரிதாபப்பட்டான். காயிலை பம்புசெட் மோட்டார் கட்டும் கடையில் வாங்கிய எனாமல் கம்பியில் நானே சுற்றினேன், பிவிசி குழாய்த் துண்டின்மேல். ட்வீட்டருக்குக் கூட்டல் கழித்தலை மாற்றிக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டு ஒரு நாள் முழுக்க, பாடகர் மட்டும் அடுத்த வீட்டிலிருந்து பாடுகிறார் என்று கம்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மாட்டியதும் ஒரு கூத்து. எங்கள் சுவர் தாத்தா காலத்துச் சுண்ணாம்புக் காரை. பெட்டி ஒன்று ஏழு கிலோ. ராவல் பிளக் போட்டுத் திருகிவிட்டு ஒருவாய் காபி குடித்துத் திரும்புவதற்குள் பிளக், காரை, சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்து கீழே. நல்லவேளை, மெத்தைமேல் விழுந்தது. அப்புறம் செங்கல் தெரிகிறவரை தோண்டி நீளத் திருகு போட்டேன். ஒரு கட்டையை நீளவாக்கில் 45 பாகைச் சரிவாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியைப் பெட்டி முதுகிலும் அடித்தேன். தூக்கி மாட்டினால் தன் கனத்திலேயே கவ்விக்கொள்கிறது. கட்டைக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. பல்லி குடிவந்துவிட்டது. தாளம் தப்பாமல் உச்சுக்கொட்டுகிறது.

முதலில் போட்டது ராஜரத்தினம் பிள்ளை தோடி. வேறு எதைப் போடுவேன்? மாப்ள, அந்த நாகஸ்வரம் சுவரிலிருந்து வரவில்லை, சுவரே இல்லாத மாதிரி இருந்தது. அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

இனி இன்னொரு விஷயம்.

ட்வீட்டர் வூஃபரைவிட 3 டெசிபெல் சத்தம் அதிகம். கணக்குப்படி அதற்கு முன்னால் 2.2 ஓமும், குறுக்கே 20 ஓமும் போட்டு அடக்க வேண்டும். போட்டுக் கேட்டேன், மங்கலாக இருந்தது. கணக்காவது கழுதையாவது என்று கழற்றி எறிந்தேன். பளிச்சென்று ஆகிவிட்டது. தோடிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அந்தக் காலத்து இசைத்தட்டில் உச்ச ஒலி அதிகம் கிடையாது. மறுநாள் சின்னவள் ஒரு புதுப்பாட்டைப் போட்டாள், ஐந்தே நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, 'ஸ்' 'ஸ்'னு ஊசி குத்துது, உங்களுக்குக் கேக்கலையா?" என்றாள். கேட்கவில்லை. எனக்குத்தான் எதுவுமே கேட்கவில்லை.

அதே செயலியை, அதே சுரத்தை, ஹெட்ஃபோனில் வைத்துப் பார்த்தேன். வலது காது 10,000வரை போகிறது. இடது காதில் 4000இல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, 6000க்கு மேல் வெறும் அமைதி. செயலியில்தான் கோளாறு என்று மூன்று நாள் நினைத்துக்கொண்டேன். அப்புறம் தஞ்சாவூர் போய் ஒரு காது மருத்துவரைப் பார்த்தேன். அறைக்குள் உட்கார்த்தி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். இடது காதின் கோடு 4000இல் பள்ளமாக இறங்கியிருந்தது. "மில் வேலையா?" என்றார். "மைக் செட்" என்றேன். தலையை ஆட்டினார். சத்தத்தால் வரும் கேடு அந்த இடத்தில்தான் முதலில் விழுமாம். உள்காதின் மயிர்ச் செல்கள் செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது. 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கும். அதற்குமேல் 3 கூடினால் நேரம் பாதி. 100க்குக் கால்மணி நேரம். நாம் மைக் செட் வேலைக்குப் போய் ஒலிபெருக்கிக் குழாயடியில் விடிய விடிய நின்றோம், தலைக்குப் பதினைந்து ரூபாய்க்கும் நாலு புரோட்டாவுக்கும். முதலாளி ஆளுக்கொரு துண்டு பஞ்சு கொடுத்திருக்கலாம். காதுகுத்துக் கல்யாணத்துக்குப் போய் யார் காதைக் குத்திக்கொண்டு வந்தோம், பார்.

யோசித்துப் பார்த்தேன். குழாய் கட்டிய மூங்கிலுக்கு வலப்பக்கம் நான் நிற்பேன், என் இடது காது குழாய்ப் பக்கம். இடப்பக்கம் நீ. உன் வலது காது.

போன தையில் வந்திருந்தாயே, போன் அடித்தால் இடது காதுக்குத்தான் கொண்டுபோனாய். இத்தனைக்கும் நீ சோத்துக்கை ஆள். அத்தை கூப்பிட்டதற்கு நீ திரும்பவில்லை என்று அவர் மூக்கைச் சிந்தினார், நானும் "மஸ்கட் திமிர்" என்று கிண்டல் செய்தேன். அந்தக் கிண்டலை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது. அங்கே நல்ல மருத்துவமனைகள் இருக்கும். அரைமணி நேர வேலை, வலிக்காது. போ.

இங்கே 2.2, 20 இரண்டும் திரும்பப் போட்டாயிற்று. சின்னவள்தான் கேட்டுச் சரி சொன்னாள். எனக்கு இன்னமும் மங்கலாகத்தான் இருக்கிறது. சொல்லிக்கொள்வதில்லை. பெட்டிக்குக் கிழக்கே நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காதைக் கொடுத்து உட்கார்ந்துகொள்கிறேன்.

வூஃபர் உன்னுடையதுதான், மறுக்கவில்லை. ஒன்றுக்கு நாலு திருகு, பத்து நிமிட வேலை. தைக்கு வந்து கழற்றிக்கொள். ஆனால் காதுச் சோதனைச் சீட்டைக் காட்டினால்தான் திருப்புளி தருவேன்.

உன்,
ஈயம்