நாணயத்தைப் பாடமாகப் படிக்க என்ன தடை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழில் நாணயச் சேகரிப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எது அரிய நாணயம், எதற்கு எவ்வளவு கிடைக்கும், எப்படிப் பத்திரப்படுத்துவது எல்லாம் இருந்தது. அந்த நாணயத்திலிருந்து என்ன தெரிந்துகொள்ளலாம் என்பது மட்டும் இல்லை. அடுத்த வாரம் வந்த வாசகர் கடிதம் ஒரு படி மேலே போய், இந்தப் பொழுதுபோக்கையெல்லாம் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று தீர்ப்பே சொல்லிவிட்டது. நான் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். நாணயமும் சேர்ப்பவன். பேசாமல் இருக்க முடியவில்லை.

என் பாடத்திலிருந்தே ஒன்று சொல்கிறேன். பழங்கால நாணயங்களில் பெரும்பாலானவை செதுக்கிய இரண்டு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லையை வைத்துச் சுத்தியலால் அடித்தவை. அச்சைக் கையால் வெட்டினார்கள் என்பதால் ஒன்றைப் போல் இன்னொன்று அமையாது. ஒன்றில் அரசனின் மூக்கு கொஞ்சம் நீண்டிருக்கும், இன்னொன்றில் ஓர் எழுத்து விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பொறுமையாகப் பார்த்தால் எந்தெந்த நாணயம் ஒரே அச்சில் பிறந்தது என்று பிரித்துவிடலாம்.

சரி, பிரித்து என்ன லாபம்? ஓர் அரசனின் 100 நாணயங்கள் நம்மிடம் இருக்கின்றன என்று வையுங்கள். எல்லாம் பத்தே அச்சுகளில் அடித்தவை, ஒவ்வொரு அச்சும் பல முறை வருகிறது என்றால், அவன் பயன்படுத்திய அச்சுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். மாறாக, 90 அச்சுகள் தலா ஒரே ஒரு நாணயத்திலும் 5 அச்சுகள் தலா இரண்டிலும் வந்தால் கதையே வேறு. ஒரே ஒரு முறை தென்படும் அச்சுகளின் எண்ணிக்கையை மொத்த நாணயங்களால் வகுத்தால், அந்த அரசனின் மொத்த நாணயங்களில் எவ்வளவு பங்கு நாம் இன்னும் பார்க்காத அச்சுகளில் அடிக்கப்பட்டது என்பது தோராயமாக வந்துவிடும். இங்கே அது பத்தில் ஒன்பது! புள்ளியியலாளர் ஐ. ஜே. குட் 1953இல் வெளியிட்ட கணக்கு இது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிரியின் ரகசியக் குறியீடுகளை உடைக்க அவரும் கணிதவியலாளர் ஆலன் டூரிங்கும் உழைத்தபோது உருவான யோசனை. என் வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் பையன்கள் தூங்குவார்கள். நாணயப் படங்களைக் கொடுத்து நீங்களே பிரியுங்கள் என்று விட்டபிறகு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

ஓர் அச்சு எத்தனை அடி தாங்கும், அதை வைத்து ஓர் அரசு எவ்வளவு பணம் வெளியிட்டது என்று சொல்லலாமா, கூடாதா என்பது ஆய்வாளர்களிடையே நீண்ட நாள் சண்டை. அதற்குள் இப்போது போகவில்லை.

நாணயம் தனியாகப் பேசுவது கொஞ்சம்தான். கூட்டமாக, கிடைத்த இடத்தோடு சேர்ந்து பேசும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. 1906இல் நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 13,000க்கும் மேற்பட்ட வெள்ளிக்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவை மேற்கு இந்தியாவை ஆண்ட சத்திரப மரபின் மன்னன் நகபானனின் காசுகள். அவற்றில் 9,000க்கும் மேற்பட்டவற்றில், நகபானனின் முகத்தின் மீதே சாதவாகன மன்னன் கௌதமிபுத்திர சதகர்ணியின் சின்னங்களை அடித்திருக்கிறார்கள். யார் யாரை வென்றார் என்று கேட்கவே தேவையில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது மீதிக் காசுகள். பத்தில் மூன்று பங்கு மறு அடி வாங்காமலே அதே குவியலில் கிடந்தன. தோற்றவனின் காசை வென்றவன் ஒரே நாளில் ஒழித்துவிடவில்லை, இரண்டும் கொஞ்ச காலம் கலந்தே புழங்கியிருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. அந்தப் புதையல் எண்ணப்படாமல் ஆளுக்குக் கைப்பிடி என்று சிதறியிருந்தால் இந்த விகிதம் யாருக்குத் தெரிந்திருக்கும்?

சேகரிப்பாளர்களை ஆய்வாளர்கள் ஒதுக்குவதும் சரியில்லை. 1830களில் ஜேம்ஸ் பிரின்செப், பண்டைய வடமேற்கு இந்தியாவில் வழங்கிய கரோஷ்டி எழுத்துகளைப் படிக்க உதவியவை, ஒரு பக்கம் கிரேக்கமும் மறு பக்கம் கரோஷ்டியும் கொண்ட காசுகள். அவர் கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத் தரம் சோதிக்கும் அதிகாரி. ஆப்கானிஸ்தானத்தில் சார்லஸ் மேசன் போன்ற சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கில் காசுகளைத் திரட்டியிருக்காவிட்டால் அந்த வேலை அவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது. வடமேற்கு இந்தியப் பகுதியை ஆண்ட இந்தோ கிரேக்க மன்னர்களில் பெரும்பாலோரின் பெயரே காசுகளால்தான் நமக்குத் தெரியும். அதேசமயம், எங்கே கிடைத்தது என்று கேட்டால் வாயைத் திறக்காத சேகரிப்பாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களைவிட மோசம், பளபளப்புக்காக அமிலத்தில் போட்டுத் தேய்ப்பவர்கள். போன மேல்தோல் திரும்ப வராது.

பொழுதுபோக்கு என்று எழுதிய வாசகருக்கு ஒரு தகவல். வியன்னாப் பல்கலைக்கழகத்தில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஜோசப் எக்கெல் இதைப் பாடமாக நடத்தினார். பண்டைய நாணயங்களை இடவாரியாகவும் காலவாரியாகவும் அடுக்கி அவர் எழுதிய எட்டுத் தொகுதிகள் 1792 முதல் 1798 வரை வெளிவந்தன. அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றும் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது.

நான் அணுகிய ஒரு வரலாற்றுத் துறையிலோ, கல்வெட்டுத் தாளில் ஓர் அலகு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்டார்கள். அந்த அலகில் படித்த மாணவி ஒருத்தி, தேர்வு முடியும்வரை ஒரு பழைய காசைக்கூடக் கையில் தொட்டதில்லை என்றாள். தராசும் அளவுகோலும் கேமராவும் இல்லாமல் இதை நடத்துவது, நீரில் இறங்காமல் நீச்சல் சொல்லிக்கொடுப்பது மாதிரிதான். நான் கேட்பது தனித் துறைகூட இல்லை. ஒரு முழுத் தாள், வாரம் ஒரு நாள் செய்முறை, உலோகச் சோதனைக்கு வேதியியல் துறையோடும் அச்சுக் கணக்குக்குப் புள்ளியியல் துறையோடும் ஒரு தொடர்பு. வெள்ளி கலந்த காசின் மேற்பரப்பை மட்டும் சோதித்தால் உள்ளே இருப்பதைவிட வெள்ளி அதிகமாகக் காட்டக்கூடும். இதை வரலாற்று மாணவர் வேதியியல்காரரிடம்தானே கற்றுக்கொள்ள முடியும்? சேகரிப்பாளர்கள் சேர விரும்பினால் அவர்களுக்கும் மாலை நேரச் சான்றிதழ் படிப்பு கொடுக்கலாம். வருகிற காசை எடை போட்டு, படமெடுத்து, கிடைத்த இடத்தோடு பதியும் பழக்கம் அங்கிருந்தே வரும்.

அப்புறம், உங்களிடமும் ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வெளியிட்ட ஆறு படங்களிலும் தலைப் பக்கம் மட்டுமே இருந்தது. அடுத்த முறை இரண்டு பக்கமும் போடுங்கள், எடையையும் விட்டத்தையும் படத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் சேருங்கள். இடம் போதவில்லை என்றால் விலைப் பட்டியலை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்