எங்கள் சனசமூக நிலையம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024 ஆடி முதல் 2025 ஆனி வரை

தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, மாதர் சங்கத்து அக்காமாரே, தம்பி தங்கைகளே, வெளிநாட்டிலிருந்து போனில் பார்த்துக்கொண்டிருக்கிற எங்கள் ஊரவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வாசிகசாலை நாள்தோறும் திறந்தது, பத்திரிகைகள் தடையில்லாமல் வந்தன. முன்பள்ளிக் கூரை திருத்தியாயிற்று, கரப்பந்தாட்ட வலை மாற்றியாயிற்று, மின்கட்டணப் பாக்கி இல்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

நான் நேரம் எடுத்துக் கதைக்க விரும்புவது இந்த ஆண்டு நிலையத்துக்கு வந்த கடிதங்களைப் பற்றி. அவற்றில் பெரும்பாலானவை வீதி விளக்கைப் பற்றியோ குடிநீரைப் பற்றியோ வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி, சொந்தக்காரரைப் பற்றி, முன்பள்ளியில் கூடப் படிக்கிற பிள்ளையின் தாய் தகப்பனைப் பற்றி வந்தன. அவற்றை ஒன்றாக வைத்து வாசித்தபோது எனக்கு மிகவும் கவலை தந்த விஷயம், எழுதியவர்களில் அநேகர் எழுதுமுன் சம்பந்தப்பட்ட ஆளோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்பதுதான். எனக்கு எழுதியிருக்கிறார்கள், கிராம அலுவலரிடம் போயிருக்கிறார்கள், கனடாவில் இருக்கிற மைத்துனருக்கு வொய்ஸ் அனுப்பியிருக்கிறார்கள், வட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள். படலையைத் திறந்துகொண்டு போய், "அண்ணை, இது எங்களுக்கு இடைஞ்சலாக் கிடக்கு" என்று சொன்னவர்கள் மிகச் சிலர்.

வேலியில் தொடங்குகிறேன். முந்தி எங்கள் ஒழுங்கையில் கிளுவையும் பூவரசும் நட்ட கதியால் வேலிதான். இரண்டு வீட்டாரும் ஆளுக்குப் பாதி அடைப்பார்கள், நடுவில் ஆள் புகுந்து போக ஒரு பொட்டு, அதாவது சின்ன இடைவெளி, இருக்கும், கறி கொடுக்கவும் வாங்கவும் பிள்ளைகள் ஓடித் திரியவும் அது போதும். கதியால் பருத்து வேலி ஒரு சாண் இந்தப் பக்கம் வந்தால் அடுத்த தடவை அடைக்கும்போது பேசித் திருத்திக்கொள்வார்கள். மதில் அப்படியில்லை. அத்திவாரம் வெட்டிவிட்டால் அதற்குப் பிறகு பேச ஒன்றும் மிஞ்சாது, அதனால்தான் வெட்டுமுன் பேச வேண்டும் என்கிறேன்.

இந்த ஆண்டு பெரிதாக வளர்ந்த பிணக்கும் மதிலால் வந்ததுதான். பெயர் சொல்லவில்லை, இரண்டு வீட்டாரும் இங்கே இருக்கிறார்கள், அவர்களின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அரை அடி அகலம், அறுபது அடி நீளம், மொத்தம் 30 சதுர அடி. எங்கள் காணிக் கணக்கில் ஒரு பரப்புக்குப் 18 குழி, ஒரு குழி 151 சதுர அடிக்குச் சற்று மேல், அப்படியென்றால் சண்டை பிடித்த நிலம் கால் குழிகூட வராது. அதற்காக இரண்டு குடும்பங்கள் கதை பேச்சை விட்டன, ஒரு வீட்டுக் கொண்டாட்டத்துக்கு மற்ற வீட்டார் போகவில்லை, பிள்ளைகள் ஒன்றாக ரியூசனுக்குப் போவதும் நின்றது. காணிக்காரர் சுவிசில், இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி. தம்பிக்கோ விட்டுக்கொடுக்க அதிகாரமில்லை, "அண்ணைக்கு என்ன பதில் சொல்லுறது" என்ற பயம் வேறு. இங்கே நடந்ததை அண்ணருக்குச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள்.

விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. இதைப் பற்றிப் பலருக்குத் தெளிவில்லாததால் கொஞ்சம் சொல்கிறேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகிற சபை அது. மூன்று மத்தியஸ்தர்கள் இருந்து இரண்டு பக்கத்தையும் கேட்பார்கள், சட்டத்தரணியை வைத்துக் கதைக்க முடியாது, தீர்ப்பு என்று எதையும் சொல்லவும் மாட்டார்கள். இணங்கினால் எழுதிக் கையெழுத்து வைக்கலாம், இணங்காவிட்டால் இணங்கவில்லை என்று ஒரு சான்றிதழ் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம். பொலிசுக்குப் போவதைவிட இது எவ்வளவோ நல்லது, பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் விஷயத்தில் காணிக்காரர் இல்லாமல் அங்கேயும் ஒன்றும் நகரவில்லை. கடைசியில் அவர் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது, நில அளவையாளர் பிடித்த நூலுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் மற்றவரும் நின்று, "இதுக்கே இவ்வளவு?" என்று அவர்தான் முதலில் கேட்டார். கிணற்றடிப் பக்கம் அரை அடி விட்டு மதில் வளைந்து போகிறது, போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகு மத்தியஸ்த சபையில் கையெழுத்து வைப்பதில் ஒரு சிக்கலும் இருக்கவில்லை. வெளிநாட்டில் இருந்து பார்க்கிற காணிக்காரர்களிடம் வேண்டிக் கேட்கிறேன்: மூன்றாம் ஆளின் சொல்லைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கே ஒரு கோல் எடுங்கள். அவரும் உங்களோடு ஒன்றாக வளர்ந்தவர்தானே.

மரங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாஞ்சருகு கூட்டுகிற சலிப்பு எல்லோருக்கும் இருக்கிறது. சோளகக் காற்றில் பனையின் காய்ந்த ஓலை, காவோலை, விழுந்து ஒரு வீட்டுக் கூரைச் சீற் உடைந்ததில் மட்டும் வாக்குவாதம் முற்றியது. மரத்தைத் தறி என்றார் ஒருவர், பனை தறிக்க அனுமதி எடுக்க வேண்டும் என்றார் மற்றவர். இரண்டு பேர் சொன்னதும் நியாயம். ஆண்டுக்கு ஒரு தரம் ஆள் ஏற்றிக் காவோலை தட்டுவது, கூலி பாதிப் பாதி என்று முடிந்தது.

வெள்ளத்தைப் பற்றி அப்படிச் சுருக்கிச் சொல்ல முடியாது. 2024 நவம்பர் கடைசியில் பெங்கல் புயலோடு வந்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்கள் மண்ணில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில்தான் ஓடும். மற்றபடி மழைத்தண்ணீர் வாய்க்கால் வழியே குளத்துக்குப் போக வேண்டும், அல்லது நிலத்துக்குள் இறங்க வேண்டும். நாங்கள் இரண்டையும் மறித்து வைத்திருக்கிறோம். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் மண் பறித்துக் காணியை ஒன்றரை அடி உயர்த்துகிறார்கள், தண்ணீர் பழைய வீட்டுக்குள் போகிறது. கேற்றுக்கு முன்னால் கார் ஏற வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீட் போட்டவர்கள் கீழே குழாய் வைக்கவில்லை, அல்லது வைத்த குழாய் ஒரு சோடாப் போத்தல் அடைத்தாலே நின்றுவிடுகிற அளவுதான். ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியாக இருக்கிற அம்மாவின் அடுப்படிக்குள் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. அரிசி வாளியைத் தூக்கி அடுப்புக் கட்டின் மேல் வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து நின்றபடியே விடிய விடிய விழித்திருந்தார். யாரிலும் குறை சொல்லவில்லை. "பிள்ளையள் பாவம், அவையும் வீடு கட்டத்தானே வேணும்" என்றார். அவர் முறைப்பாடு எழுதவில்லை, இந்த அறிக்கையில் அவருக்காக நான் எழுதுகிறேன்.

அந்த மழைக்குப் பிறகு டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்தில் உயிர்களைக் குடித்தது. தேங்கிய தண்ணீருக்குள் கால் வைத்து நடந்தவர்களுக்கு வருகிற நோய் அது. டெங்கும் எங்களுக்கு மழைக்குப் பின்னால்தான் கூடுகிறது. நுளம்பு பெருக இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்குப் போடலாம் என்று சுகாதாரப் பரிசோதகர் வந்து சொல்லும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டிய வீடுகளில் கிணற்றடித் தொட்டியும் பழைய டயரும் யார் பொறுப்பு என்று இந்தக் கூட்டத்திலேயே முடிவெடுப்போம். வாய்க்காலை வெட்டித் திறந்த இளைஞர்களுக்கு நிலையத்தின் நன்றி. மழைக்குள் நனைந்தபடி மண்வெட்டியோடு நின்றவர்களில் சிலர், அந்தக் கொங்கிறீட்டைப் போட்ட வீடுகளின் பிள்ளைகள்தான். அது எனக்குப் பெரிய நம்பிக்கை.

சத்தம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் சொல்லியாயிற்று. எங்கள் கோயிலும், சாமத்திய வீட்டுச் சவுண்ட் செட்டும், பிறந்தநாள் பாட்டும் இதற்குள் அடக்கம். கோயில் பரிபாலன சபையோடு பேசினோம், அவர்கள் மறுப்பில்லாமல் கூம்பு ஒலிபெருக்கியைக் கழற்றி உள்வீதிக்கு மட்டும் பெட்டி வைத்தார்கள். வீடுகளில்தான் சிரமம். உயர்தரம் படிக்கிற பிள்ளை உள்ள வீட்டாருக்கு ஒரு நாள் கொண்டாட்டம் பெரிய இடைஞ்சல் இல்லை. முதல் நாளே வந்து, "நாளைக்குக் கொஞ்சம் சத்தமா இருக்கும் அக்கா, பத்து மணிக்கு நிப்பாட்டிடுவம்" என்று சொல்லியிருந்தால் அவர்கள் கடிதமே எழுதியிருக்கமாட்டார்கள். இதை அவர்களே என்னிடம் சொன்னார்கள்.

சொந்தக்காரர் விஷயத்தில் நிலையம் தலையிட முடியாது என்பார்கள். ஆனால் இங்கே யார் யாருக்குச் சொந்தமில்லை? இந்த ஆண்டு கேட்ட மனக்குறைகளில் அதிகமானவை "எங்களுக்குச் சொல்லேல்லை" என்பதுதான். செத்த வீட்டுக்குச் சொல்லாமலே போவது எங்கள் வழக்கம். ஆனால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கும் கலியாணத்துக்கும் வீட்டுக்கு வந்து சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்போம். இப்போது போனில் கார்ட்டைப் படமாக அனுப்புகிறார்கள், அனுப்புகிறவருக்கு அது சொன்ன மாதிரி, வாங்குகிறவருக்கு அது சொல்லாத மாதிரி. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில், தகப்பனுக்குச் சைக்கிள் ஓட முடியாது, வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆளில்லை என்ற நிலையில் அந்தியேட்டி செய்த வீட்டாரைப் பார்த்து, வராமல் நின்ற சொந்தங்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நிர்வாக சபை ஒரு முடிவு எடுத்திருக்கிறது. வீட்டார் விரும்பினால் நிலையத்து அறிவித்தல் பலகையில் போட்டு, இளைஞர் இரண்டு பேர் சைக்கிளில் போய் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அதை வீட்டார் வந்து சொன்னதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விடுமுறைக்கு வருகிற உறவுகளிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களைக் கண்டால் எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் வந்த வீட்டில் நிற்கிற பெட்டையிடம் "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று நாலு பேருக்கு முன்னால் கேட்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிப் போன பிறகும் அந்தக் கேள்வி அந்த வீட்டில்தான் கிடக்கும்.

இனிப் பெற்றோர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை 2024 செப்டம்பர் 15ஆம் திகதி நடந்தது. வினாக்கள் முன்கூட்டியே வெளியான பிரச்சினை நீதிமன்றம் வரை போய், மூன்று வினாக்களுக்கு எல்லோருக்கும் புள்ளி கொடுத்து, முடிவு வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. பத்து வயதுப் பிள்ளைகள் நான்கு மாதம் காத்திருந்தார்கள். அந்த நான்கு மாதமும் முன்பள்ளி வாசலிலும் ரியூசன் வாசலிலும் பெரியவர்கள் கதைத்ததெல்லாம் வெட்டுப்புள்ளி. முடிவு வந்த அன்று காலை தொடங்கிய போன், "உங்கட பிள்ளைக்கு எவ்வளவு?" என்று இரவு வரை ஓயவில்லை. பிறகு நிலையத்துச் சுவரில் வழக்கம்போல் பெயரும் புள்ளியும் போட்டிருந்தது. ஒரு பிள்ளை அதன் முன்னால் நின்று மேலிருந்து கீழே விரலால் தேடியது. பட்டியலில் இல்லாத தன் பெயரை அது இரண்டாம் தரமும் தேடியபோது, பக்கத்தில் நின்ற இரண்டு தாய்மார் அந்தப் பிள்ளையின் காதுபடவே அதைப் பற்றிக் கதைத்தார்கள்.

அடுத்த நாள் நிர்வாக சபை கூடி அந்தப் பட்டியலைக் கழற்றியது. இனி நிலையத்தில் புள்ளி போடுவதில்லை. 200க்கு எவ்வளவு எடுத்தது என்பது பிள்ளைக்கும் வீட்டுக்கும் ஆசிரியருக்கும் தெரிந்தால் போதும். பரீட்சை எழுதின எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தோம். இதனால் சில பெற்றோர் எங்களோடு கோபம், "எங்கட பிள்ளையின்ர உழைப்பை மறைக்கிறியள்" என்றார்கள். அவர்களின் பெருமை எனக்கு விளங்குகிறது. ஆனாலும் இந்த முடிவு சரியென்றே நம்புகிறேன், சபை வேண்டாம் என்றால் வாக்கெடுத்து மாற்றலாம்.

முன்பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப் போட்டி முடிவுக்காக இரண்டு தகப்பன்மார் முட்டிக்கொண்டதையும், கலைவிழாவில் முன் வரிசையினர் எழுந்து நின்று போனில் படமெடுத்ததில் பின்னால் இருந்த அம்மம்மா அப்பப்பாமார் தங்கள் பேரப்பிள்ளையைக் காணாமலே போனதையும் நீட்டிச் சொல்லப் போவதில்லை. அடுத்த விழாவில் படமெடுக்க ஒரே ஒருவரை நிலையம் வைக்கும், படங்கள் எல்லோருக்கும் வரும், மற்றப் போன்கள் மடியில் இருக்கட்டும். பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இரவு ஒன்பதுக்குப் பிறகு ஆசிரியைக்கு எதுவும் எழுத வேண்டாம். அவரும் ஒரு தாய், அவர் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சபையின் முன் வைக்கிற பிரேரணை ஒன்று. இனிமேல் அயலவரைப் பற்றியோ மற்றப் பெற்றோரைப் பற்றியோ நிலையத்துக்கு முறைப்பாடு எழுதுகிறவர், அதற்கு முன் அந்த ஆளோடு ஒரு தரமாவது நேரே கதைத்திருக்க வேண்டும். எப்போது கதைத்தார், என்ன பதில் வந்தது என்று கடிதத்தில் இரண்டு வரி இருக்க வேண்டும். தனியாகப் போகத் தயக்கம் உள்ளவர்களோடு, குறிப்பாகத் தனித்து வாழ்கிற பெண்களோடும் வயோதிபர்களோடும், நிர்வாக சபையில் ஒருவர் கூடப் போவார். அடி, மிரட்டல், குடிபோதை சம்பந்தப்பட்டவற்றுக்கு இந்த விதி பொருந்தாது, அவற்றை உடனே அறிவியுங்கள். பெயரில்லாக் கடிதங்களை இனி வாசிக்கமாட்டோம்.

புதிய நிர்வாக சபைத் தெரிவு பொருளாளரின் அறிக்கைக்குப் பிறகு நடைபெறும். வாய்க்காலை எல்லோரும் சேர்ந்து துப்புரவாக்கும் சிரமதானம் ஐப்பசி பிறக்குமுன் வருகிற ஒரு ஞாயிறு, திகதியைப் பலகையில் போடுகிறோம். கடைசி வீட்டு அம்மாவின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். கேற்றுக்கு முன் கொங்கிறீட் போட்டவர்கள் அதற்குமுன் பெரிய குழாய் வாங்கி வையுங்கள், வெட்டிப் பதிக்கிற வேலையை இளைஞர்கள் கூலியில்லாமல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செயலாளர்