மனைவியிடம் கையெழுத்து வாங்கும் வங்கி மேலாளர்களுக்கு

இராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுக்கடன் கொடுக்கும் எல்லாக் கிளை மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் மண்டபத்துக்குப் பக்கத்து ஊர். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கணவர் விசைப்படகில் பங்குக்காரர். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மாமனார் அவர் பெயருக்கு எழுதிக்கொடுத்த மனையில் வீடு கட்ட 18 லட்சம் கடன் வாங்கினோம். கடலுக்குப் போகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? என் சீட்டை வைத்துத்தான் கடன் கிடைத்தது. கிளையில் ஒரு கட்டுத் தாளை நீட்டி, பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முப்பது நாற்பது இடம் இருக்கும். என் பெயருக்கு நேரே 'இணைக் கடன்தாரர்' என்று அச்சிட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

அர்த்தம் தெரிந்தது பிப்ரவரியில், வருமான வரிக் கணக்குக் கொடுக்கும்போது. பள்ளி எழுத்தர் பத்திர ஜெராக்ஸைப் புரட்டிவிட்டு, "டீச்சர், இதுல சார் பேரு மட்டும்தானே இருக்கு?" என்றார். பழைய வரிமுறையில், நாமே குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்கு வருஷம் 2 லட்சம் வரை கழிவு உண்டு. ஆனால் கடனில் பெயர் இருந்தால் மட்டும் போதாது, வீட்டிலும் உரிமை இருக்க வேண்டும். தவணை மாதாமாதம் என் கணக்கிலிருந்துதான் போகிறது. இருந்தும் எனக்குக் கழிவு கிடையாது. வரி போனால் போகட்டும். அன்று சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, இந்த வீட்டில் நான் யார் என்று ஒரு நினைப்பு வந்தது. அது இன்னும் போகவில்லை.

பத்திரத்தில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் கடனில் சேர வேண்டும் என்பதில் நீங்கள் கறாராக இருக்கிறீர்கள். சரி, அது உங்கள் பாதுகாப்புக்கு. கடனில் சேர்கிற மனைவிக்குப் பத்திரத்தில் பெயர் இருக்கிறதா என்று ஏன் ஒரு வார்த்தை கேட்பதில்லை?

இணைக் கடன்தாரர் என்றால் பாதிக் கடன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் முழுவதையும் கட்ட வேண்டும். வீட்டில் பங்கு என்று வரும்போது கணக்கே வேறு. கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், இந்துக் குடும்பத்தில் மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோருக்கும் சம பங்கு. கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று. மூன்று மதத்தாரும் சேர்ந்து வாழ்கிற கரை இது. பங்கு எதுவானாலும் கையெழுத்துப் போட்டவளுக்குக் கடன் மட்டும் முழுசு.

இங்கே கடலுக்குப் போனவர் திரும்பாமல் போவதும் நடக்கிறது. உடல் கிடைக்காவிட்டால், 7 வருஷம் தகவலே இல்லாத பிறகுதான் சட்டம் அவர் இறந்ததாக அனுமானிக்கும். இலங்கையில் பிடிபட்டால் ஆள் சிறையில், படகும் அங்கே. தவணை இதற்கெல்லாம் நிற்காது. 90 நாள் தவறினால் வாராக்கடன், அப்புறம் கடனைக் கட்டச் சொல்லி 60 நாள் நோட்டீஸ். அந்த நோட்டீஸில் மனைவி பெயரை மட்டும் மறக்காமல் போடுகிறீர்கள்.

பெண் பெயரில் வீடு என்பது இந்தப் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. கீழக்கரை முஸ்லிம் குடும்பங்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் கட்டிவைப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வருவார். பிரதமர் வீட்டுத் திட்டத்திலும் வீடு மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் சம்பளத்தில் நாங்களே கட்டும் வீட்டுக்கு அந்த அக்கறை எங்கே போனது?

நான் என் கணவரிடம் சொன்னேன். "நீ கட்டுற வீடு, எழுதிரலாம்" என்றார், ஒரே பேச்சு. இழுத்தடித்தது கிளைதான். பத்திரம் அடமானத்தில் இருக்கிறது, எங்கள் சம்மதம் இல்லாமல் தொடக்கூடாது என்றார்கள். சம்மதக் கடிதம் கேட்டால், அதற்கு நடைமுறை இல்லை, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். எட்டு மாதம் நடந்தேன். அப்புறம் கணவர் வீட்டில் பாதிப் பங்கை எனக்குத் தானசெட்டில்மெண்ட், அதாவது காசு வாங்காமல் கொடுக்கும் பத்திரம், எழுதினார். கணவன் மனைவிக்குள் எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. கடன் வாங்கும் முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை.

அதைத்தான் கேட்கிறேன். மனு கொடுக்க வரும்போதே இருவரையும் உட்காரவைத்து, முழுக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பு, பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லை, சேர்க்க விரும்பினால் அடமானத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள் என்று தமிழில் சொல்லுங்கள். சேர்ப்பதும் சேர்க்காததும் அவர்கள் பாடு, தெரிந்து முடிவெடுக்கட்டும். வருமானமே இல்லாத மனைவியைச் சும்மா ஒரு கையெழுத்துக்காகக் கடனில் இழுக்காதீர்கள். தவணை தவறினால் வரும் குறுஞ்செய்தி இருவர் போனுக்கும் போகட்டும்.

ஏற்கெனவே கடன் வாங்கியவர்களுக்குச் சம்மதக் கடிதம் தர ஒரு வழி வையுங்கள். எங்கள் தெருவிலேயே என்னைப்போல நாலு பேர் இருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அவர்கள் வீட்டுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளைக்கு வருகிறேன். மனுவை வாங்கிக்கொண்டு, கடிதம் என்றைக்குக் கிடைக்கும் என்று ஒரு தேதி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் கட்டிவரும் ஓர் ஆசிரியை